குதிரை தாவுவதற்கு முன்

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகள் செஸ் ஆட உட்காருவார்கள். கன்னடப் பிள்ளைக்கு அது 'குதுரெ', தமிழ்ப் பிள்ளைக்குக் 'குதிரை'. தப்பு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். நடுவில் நல்ல கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், குதிரை அங்கே போய் நிற்கும், மறு நகர்விலேயே வெட்டுப்படும். “டி5 நல்ல கட்டம்னு நீங்கதானே அங்கிள் சொன்னீங்க?” என்று ஒருவன் என்னைக் கேட்டான். சொன்னேன்தான், ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். எதிராளியின் எந்தச் சிப்பாயும் இனி தாக்க முடியாத கட்டம்தான் ஓட்டை. சிப்பாய் பின்னால் வராது என்பதால் அது பெரும்பாலும் ஆட்டம் முடியும்வரை ஓட்டையாகவே இருக்கும். சிசிலியன் ஆட்டத்தில் கறுப்பின் சி சிப்பாய் வெட்டுப்பட்டுப் போய்விடும். அதன் பிறகு அவர் இ சிப்பாயையும் இ5-க்குத் தள்ளினால், டி5-இல் வந்து நிற்பவரை விரட்ட அவரிடம் சிப்பாய் கிடையாது. டி6-இல் இருக்கும் சிப்பாயும் பின்தங்கிப் போகிறது. எதிராளியிடம் தனிச் சிப்பாய் இருந்தால் தேடும் வேலையே இல்லை, அதன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பதுதான் ஓட்டை.

அங்கே ஏன் குதிரை? சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டம் மாலை ஆறு மணி சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் மாதிரி. பிஷப்பும் யானையும் காருக்குள் மாட்டிக்கொண்டவர்கள், குதிரைக்கு வழியே வேண்டாம். நடுப்பலகையில் அது எட்டுக் கட்டங்களைத் தாக்கும், மூலையில் வெறும் இரண்டு.

பிள்ளைகள் தாண்டிக் குதிப்பது அடுத்த படியை. அந்தக் கட்டத்தை எதிராளியின் எந்தெந்தக் காய்கள் காக்கின்றன என்று விரல்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு நான் காட்டுவது 1945-இல் மாஸ்கோவில் ஸ்மிஸ்லோவ் ருடகோவ்ஸ்கியோடு ஆடிய ஆட்டம். 11-வது நகர்வில் கறுப்பு இ5 ஆடியது, டி5 திறந்துவிட்டது. காவலுக்கு இருந்தவை இரண்டு: இ6-க்கு வந்த வெள்ளைக்கட்ட பிஷப், எஃப்6 குதிரை. ஸ்மிஸ்லோவ் எஃப்5 என்று சிப்பாயைத் தள்ளினார். பிஷப் சி4-க்கு ஓடியது, அங்கேயே அதைத் தன் பிஷப்பால் வெட்டினார், கறுப்பு ராணி திருப்பி வெட்டி சி4-இல் வந்து நின்றது.

இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இப்போதே குதிரை டி5-க்குத் தாவினால்? கறுப்புக் குதிரை அதை வெட்டும். நாம் இ சிப்பாயால் திருப்பி வெட்டினால், காக்க ஆளில்லாத அந்தச் சிப்பாயை ராணி தின்றுவிடும். ஸ்மிஸ்லோவ் தாவவில்லை. 15-வது நகர்வில் பிஷப்பை ஜி5-இல் வைத்தார், அடுத்ததில் எஃப்6 குதிரையை வெட்டினார். குதிரை டி5-இல் இறங்கியது 17-வது நகர்வில்தான். கறுப்பிடம் மிஞ்சியது கறுப்புக்கட்ட பிஷப். அது எத்தனை நகர்வு ஆடினாலும் டி5-ஐத் தொட முடியாது.

1962 ஸ்டாக்ஹோமில் ஃபிஷர் பொல்போச்சானுக்கு எதிராகச் செய்ததும் இதே வேலைதான்: பி6-இல் இருந்த குதிரையைப் பிஷப்பால் வெட்டிவிட்டு, மறு நகர்வில் குதிரை டி5. பிஷப்பைக் குதிரைக்குக் கொடுக்கக் கை கூசுகிறவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

திருப்பி வெட்டப்போவது எந்தக் காய் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். டி5-இல் குதிரை வெட்டுப்பட்டு நீங்கள் சிப்பாயால் வெட்டினால், தேடிக் கண்டுபிடித்த ஓட்டையை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். டி6-இல் நோஞ்சானாக நின்ற சிப்பாய்க்கும் முன்னால் ஒரு மறைப்பு கிடைத்துவிடுகிறது. முடிந்தவரை காயால் வெட்டுங்கள்.

இன்னும் ஒரு வரிசை முன்னேறிய குதிரை என்ன செய்யும் என்பதற்கு 1985 உலகப் பட்டப் போட்டியின் 16-வது ஆட்டம் இருக்கிறது. வெள்ளையாக ஆடிய கார்ப்போவின் சி சிப்பாய் மாற்றத்தில் போய்விட்டது, இ சிப்பாய் வெட்டி டி5-க்குப் போயிருந்தது. அந்த ஓட்டையில், டி3-இல், காஸ்பரோவ் குதிரையைக் கட்டினார். சி1, இ1 இரண்டும் அதன் காலடியில் இருந்ததால் வெள்ளை யானைகளுக்கு நிற்கவே இடமில்லை. வென்றது காஸ்பரோவ்.

ஆனால் குதிரை ஓட்டையிலேயே குடியிருக்க வந்ததல்ல. ஸ்மிஸ்லோவ் அதை டி5-இல் நிறுத்திவிட்டு யானையையும் ராணியையும் ராஜா பக்கம் திருப்பினார். 22-வது நகர்வில் எஃப்6 என்று சிப்பாயைப் பலி கொடுத்தார், 24-வதில் அந்தக் குதிரையே கிளம்பிப் போய் எஃப்6-இல் வெட்டியது. பிறகு ஆட்டம் நெடுநேரம் நீடிக்கவில்லை.

போன ஞாயிறு அந்த 15-வது நகர்வு நிலையைப் பலகையில் அடுக்கி, என்னைக் கேள்வி கேட்டவன் முன்னால் வைத்தேன். கை நேராகக் குதிரைமேல் போனது. யோசித்தான். விட்டுவிட்டு பிஷப்பை எடுத்தான். எதிரே இருந்த பெண் “டச் மூவ்!” என்று கத்திவிட்டாள்.