பிரிட்ஜ் பழுதா? முதலில் லேபிளைப் படிப்போம்

மளிகைக் கடையோ, பால் கடையோ, மருந்துக் கடையோ, இன்று பிரிட்ஜ் இல்லாத கடையைக் காண்பது அரிது. பெரிய கூலர் வாங்க இடமும் முதலும் இல்லாத நம்மில் பலர் வீட்டு உபயோக பிரிட்ஜையே கடையில் வைத்து வியாபாரம் செய்கிறோம். பால், தயிர், வெண்ணெய், இட்லி மாவு என்று ஒரு நாள் சரக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது. அது நின்றுவிட்டால் நமக்குப் பதற்றம். யாரையாவது கூப்பிட்டு எப்படியாவது ஓட வைத்தால் போதும் என்று அவசரப்படுகிறோம். அந்த அவசரத்தில் சரக்கை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் கடையில் ஒரு கோடையில் நடந்ததைச் சொல்கிறோம். ஃப்ரீசரில் பனிக்கட்டி தடித்துப்போய் ஐஸ்கிரீம் டப்பாக்கள் ஒட்டிக்கொண்டன. கடைத் தம்பி சாக்கு கிழிக்கும் கத்தியை எடுத்து நெம்பினார். "உஸ்" என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. வாசனை எதுவும் வரவில்லை. அதனால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நான்கடி தள்ளி சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஊதுபத்தியும் புகைந்துகொண்டிருந்தது. மாலையில் வந்த மெக்கானிக் பெட்டியின் பின்புறம் குனிந்து லேபிளைப் படித்தார். நிமிர்ந்து, "அண்ணாச்சி, அந்த நேரம் விளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றோம். "இது எரியற கேஸ். ஷட்டர் முழுசா திறந்திருந்ததால தப்பிச்சீங்க" என்றார். அன்று கற்றுக்கொண்டதையும் அதன் பிறகு தெரிந்துகொண்டதையும் நம் வணிகர்களுக்குப் பாடமாக இங்கே தருகிறோம்.

பிரிட்ஜ் வேலை செய்யும் விதம்

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. கண்டென்சர் என்ற குழாய்ச் சுற்றில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. திரவம் டிரையர் வழியாகச் சென்று, கேப்பிலரி என்னும் மெல்லிய குழாயில் நுழைந்து, ஃப்ரீசர் சுவரில் உள்ள குழாய்களில் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு அதே கேஸ் மறுபடியும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அடுப்பு சிலிண்டரில் கேஸ் எரிந்து தீர்கிறது. பிரிட்ஜில் கேஸ் தீர்வதில்லை. அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. ஆகவே "கேஸ் குறைஞ்சுபோச்சு, ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால், "எங்கே கசிகிறது?" என்று கேட்க வேண்டும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. பணம் போகும், சில வாரத்தில் குளிரும் போகும்.

மூன்று வகை கேஸ்

நம் நாட்டு பிரிட்ஜ்களில் மூன்று வகை கேஸ் வந்திருக்கின்றன.

முதலாவது ஆர்-12. பழைய பெட்டிகளில் இருந்தது. வானில் உள்ள ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி இதைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2010 ஜனவரி 1-க்குள் வளரும் நாடுகளும் இதைக் கைவிட வேண்டும் என்பது விதி. இந்த கேஸ் எரியாது. ஆனால் தீச்சுடரில் பட்டால் நுரையீரலைக் கெடுக்கும் நச்சுப் புகையாக மாறும்.

இரண்டாவது ஆர்-134ஏ. ஓசோனைக் கெடுக்காது, சாதாரணமாக எரியாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் சுமார் 1,400 மடங்கு வலிமை உடையது. அதனால் 2016-இல் கிகாலி நகரில் செய்த ஒப்பந்தப்படி இதையும் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். இதற்கென்று தனி எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே குழாயைத் திறந்தபடி விட்டுவைக்கக் கூடாது.

மூன்றாவது ஆர்-600ஏ. ஐசோபியூட்டேன் என்று பெயர். இன்று விற்கும் வீட்டு பிரிட்ஜ்களில் பெரும்பாலும் இதுதான். ஓசோனுக்கும் கெடுதல் இல்லை, பூமியையும் அதிகம் சூடாக்காது, மின்சாரமும் குறைவாகச் செலவாகும். ஒரே குறை, இது எரியும். அடுப்பு கேஸில் கசிவு தெரிவதற்காக நாற்றம் சேர்க்கிறார்கள். இதில் அப்படிச் சேர்ப்பதில்லை. காற்றை விட இரண்டு மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும்.

ஒரு சிறிய பெட்டியில் இந்த கேஸ் 40 முதல் 80 கிராம் வரைதான் இருக்கும். "இவ்வளவுதானா?" என்று அலட்சியம் வேண்டாம். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். 190 லிட்டர் பெட்டியின் கதவை மூடி வைத்திருக்கும்போது உள்ளே 10 கிராம் கசிந்தாலே அந்த அளவு வந்துவிடும். பிறகு ஒரு சிறு பொறி போதும்.

எந்தப் பெட்டியில் எந்த கேஸ் என்பது பெட்டியின் பின்புறத்திலோ உட்புறச் சுவரிலோ உள்ள லேபிளிலும், கம்ப்ரசர் மேலும் அச்சிட்டிருக்கும். ஆர்-600ஏ உள்ள பெட்டியில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் படம் இருக்கும். இன்றே கடையில் உள்ள பெட்டியைப் பார்த்து, கேஸின் பெயரையும் கிராம் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாமே செய்ய வேண்டிய வேலைகள்

எந்த வேலைக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும்.

கண்டென்சர் கம்பிச் சட்டம் பின்னால் தெரியும் பெட்டிகளில் மாதம் ஒரு முறை மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள். மளிகைக் கடையில் மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் அதில் படிந்து சூட்டை வெளியே விடாது. கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். பெட்டிக்குப் பின்னும் பக்கத்திலும் ஒரு சாண் இடம் விடுங்கள். மூட்டையைச் சாத்தி வைக்காதீர்கள். புதுப் பெட்டிகளில் கண்டென்சர் பக்கச் சுவருக்குள் இருப்பதால் பக்கங்கள் சூடாக இருக்கும். அது பழுதல்ல.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ரப்பரைத் துடைத்தால் பல சமயம் சரியாகும். மண்ணெண்ணெய் கொண்டு துடைத்தால் ரப்பர் கெட்டுவிடும்.

ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் டீஃப்ராஸ்ட் செய்துவிடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதுவும் கூடாது. ஃப்ரீசர் சுவர் மெல்லிய அலுமினியம், அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. பெட்டியை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் பனி தானே உருகும். ஹீட்டர், ஹேர் டிரையர் வைக்க வேண்டாம்.

பெட்டிக்குப் பின்னால், கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டித் துடையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இதுபோன்ற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

குளிர் சரியா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து இரவு முழுவதும் உள்ளே விட்டு, காலையில் பாருங்கள். பால், தயிருக்கு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. இன்சுலின் போன்ற மருந்து வைப்பவர்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அது உறைந்துபோகவும் கூடாது.

கரண்ட் விஷயத்தில் கவனம்

பெட்டியைத் தொட்டால் "சுருக்" என்று இருந்தால் செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்கக் கூடாது. உடனே மெயினில் அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மூன்று முனை பிளக்கின் பெரிய முனை எர்த். அதைச் சுற்றி வளைத்து இரண்டு முனை அடாப்டரில் செருகுவது உயிரோடு விளையாடுவது. ஈரத்தரையில் நின்று வாடிக்கையாளரும் கடைத் தம்பியும் நாள் முழுவதும் தொடும் கதவு அது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் போட்டுவிட்டால், கசிவு கரண்ட் வந்ததும் தானே அணைத்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் 5 நிமிடம் கழித்தே பிரிட்ஜைப் போடுங்கள். குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாக அந்த நேரம் வேண்டும். உடனே போட்டால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறிச் சூடாகும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானே செய்யும்.

மெக்கானிக் வந்தால் நாம் கேட்க வேண்டியவை

குழாயை வெட்டும் வேலையும் கேஸ் ஏற்றும் வேலையும் நம் வேலையல்ல. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை. ஆனால் நம் கடையில், நம் செலவில் நடக்கும் வேலை. கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

லேபிளில் உள்ள கேஸையே ஏற்றுகிறாரா? ஆர்-12, ஆர்-134ஏ பெட்டியில் எரியும் கேஸை ஏற்றக் கூடாது. அந்தப் பெட்டியின் தெர்மோஸ்டாட், ரிலே, பல்ப் ஆகியவை அதற்காகச் செய்தவை அல்ல. ஆர்-600ஏ பெட்டியில் ரிலே மாற்றினாலும் அதே வகை, பொறி வெளியே வராத பாகமே போட வேண்டும். அடுப்பு சிலிண்டர் கேஸை எந்தப் பெட்டியிலும் ஏற்றக் கூடாது.

எடை பார்த்து ஏற்றுகிறாரா? ஆர்-600ஏ பெட்டி ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தில் கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பது இயல்பு. இதை அறியாதவர் "கேஸே இல்லை" என்று அளவுக்கு மேல் ஏற்றிவிடுவார். சரக்கை நாம் தராசில் நிறுத்து விற்பது போல, கேஸையும் தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும்.

கசிவு பார்க்க நைட்ரஜன் கொண்டு வந்தாரா? ஆக்ஸிஜன் சிலிண்டரை இணைத்து அழுத்தம் கொடுத்தால், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இது நடந்த விபத்து, கற்பனையல்ல. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் பார்ப்பதே முறை.

பற்றவைக்கும் முன் கேஸை முழுவதும் வெளியேற்றி நைட்ரஜனால் குழாயைக் கழுவினாரா? எரியும் கேஸ் உள்ள குழாயில் நேராகத் தீச்சுடரைப் பிடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தனி வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றை எடுக்க வேண்டும், டிரையரையும் மாற்ற வேண்டும்.

இவற்றை எல்லாம் கடைக்குள், மூட்டைகளுக்கு நடுவே செய்ய விடக் கூடாது. பெட்டியைக் காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த நேரம் பத்து அடிக்குள் விளக்கு, ஊதுபத்தி, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது.

கசிந்துவிட்டால்

ஃப்ரீசரில் "உஸ்" சத்தம் கேட்டால், ஷட்டரையும் ஜன்னலையும் முழுவதும் திறக்கவும். தீயை அணைக்கவும். அருகில் உள்ள எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், பிளக்கையும் பிடுங்க வேண்டாம். சுவிட்சில் வரும் பொறியே போதும். மெயின் சுவிட்ச் தள்ளி வெளியே இருந்தால் அங்கே அணைக்கலாம். பெட்டிக் கதவைத் திறந்தபடி விட்டு எல்லோரும் வெளியே வந்து, காற்று நன்றாக மாறிய பிறகே உள்ளே போக வேண்டும்.

பயன்படாத பெட்டியைக் கடைக்குப் பின்னால் போடுவதானால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியே வர முடியாது. காயலான் கடையில் குழாயை உடைத்துக் கேஸை விடுவதற்குப் பதிலாக, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுப்பதே 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின் நோக்கம்.

கடைத் தம்பிகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்

இந்தப் பாடம் முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. எங்கள் கடையில் கத்தியை எடுத்த தம்பி மீது தவறில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை. இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். நீங்களும் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

1. இந்தப் பெட்டியின் கேஸ்: ........ அளவு: ........ கிராம்.
2. பனியைக் கத்தியால் சுரண்டாதே.
3. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடை.
4. கரண்ட் வந்து 5 நிமிடம் கழித்துப் போடு.
5. "உஸ்" சத்தம் கேட்டால் ஷட்டரைத் திற, தீயை அணை, சுவிட்சைத் தொடாதே, வெளியே வா.

சாமி விளக்கையும் அன்றே பிரிட்ஜிலிருந்து தள்ளி, கல்லாவுக்கு மறுபக்கம் மாற்றிவிட்டோம். கெட்டுப்போன ஒரு நாள் சரக்கை மறுநாள் வாங்கிவிடலாம். கடையில் நிற்பவர்களின் உயிரை எந்த மண்டியிலும் வாங்க முடியாது.