மஞ்சள் கடுதாசியும் வருமான வரியும்

ஐ.பி. கொடுத்துவிட்டால் எல்லாப் பாக்கியும் தீர்ந்தது, வருமான வரி ஆபீசுக்கும் நமக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நம் வணிகர்களில் பலர் நினைக்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அரியாங்குப்பத்தில் நம்மிடம் பருப்பும் எண்ணெயும் எடுத்துவந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் நொடித்துப்போனார். ஏமாற்றுக்காரர் அல்ல. பெண் கல்யாணத்துக்குக் கடை முதலை எடுத்தார், கொடுத்த கடனும் திரும்பவில்லை. கோர்ட்டில் மனு போட்டதோடு கணக்குப் புத்தகங்களையும் மூட்டை கட்டிவிட்டார். அந்த வருடம் ரிட்டன் போடவில்லை. “நட்டத்துக்கு எதற்கு ரிட்டன், முதலாளி?” என்றார். பதில் சொல்ல நமக்கும் தெரியவில்லை.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்ப்போம். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம்; மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். 2016இல் புதிய திவால் சட்டம் வந்தாலும், தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் அது அமலானது. நம்மைப் போன்ற கடைக்காரருக்குப் பழைய சட்டந்தான்.

அந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44வது பிரிவைக் கவனியுங்கள். கோர்ட் விடுதலை உத்தரவு கொடுத்தாலும் அரசுக்குச் சேரவேண்டிய பாக்கி தீராது. 61வது பிரிவின்படி, சொத்தை விற்று வரும் பணத்தில் அரசு பாக்கிக்கு முன்வரிசை. சரக்குக் கொடுத்த நாம் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ரீபண்ட் விஷயம் வேறு. ஒருவர் நொடித்தவர் என்று கோர்ட் தீர்ப்பளித்ததும் அவர் சொத்து ரிசீவர் கைக்குப் போகிறது. விடுதலை வரும்வரை புதிதாகச் சேருவதும் அப்படியே. வருமான வரிச் சட்டம் 238வது பிரிவும், நொடிப்பினால் ஒருவர் ரீபண்ட் வாங்க முடியாமற்போனால் ரிசீவர் கேட்டு வாங்கலாம் என்கிறது. பழைய வரி பாக்கி இருந்தால் 245வது பிரிவின்படி அதில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். ஆனால் ரிட்டன் போட்டால்தானே ரீபண்ட்? நம் நண்பர் வருட ஆரம்பத்தில் அட்வான்ஸ் வரி கட்டியிருந்தார். வங்கி வட்டியிலும் பிடித்தம் இருந்தது. கெடு கடந்து எல்லாம் போயிற்று.

அதைவிடப் பெரிய இழப்பு நட்டக் கணக்கு. வியாபார நட்டத்தை 8 வருடம் முன்கொண்டு சென்று லாபத்தில் கழிக்கலாம். அதற்குக் கெடு தேதிக்குள் ரிட்டன் போட்டிருக்க வேண்டும். அவருக்குப் பிறகு ரூபாய்க்கு 40 காசு என்று சமாதானம் ஆனது. 10 லட்சம் சரக்குப் பாக்கியில் 4 லட்சம் கட்டினார். விட்டுக்கொடுத்த 6 லட்சம், ஏற்கெனவே கொள்முதலில் செலவு எழுதிய தொகை; எனவே 41(1) பிரிவின்படி அவருக்கு வருமானம்! கையில் காசு வராத வருமானம். நட்டக் கணக்கு இருந்திருந்தால் அதில் அடங்கியிருக்கும்.

இனி கடன் கொடுத்தவர் பக்கம். 1989 ஏப்ரல் 1 முதல், வராக்கடன் என்று நிரூபிக்கத் தேவையில்லை, பேரேட்டில் தள்ளுபடி எழுதினால் போதும். 2010இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த விற்பனை முன்பே நம் வருமானக் கணக்கில் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசாமி வந்து கொடுப்பார் என்று நாம் இரண்டு வருடம் எழுதாமலே வைத்திருந்தோம். அந்த இரண்டு வருடமும் வராத பணத்துக்கு வரி கட்டினோம். 44ஏடி பிரிவில் மொத்த விற்பனைக்குச் சதவீதம் காட்டுகிறவர்கள் வராக்கடனைத் தனியே கழிக்க முடியாது. ஜி.எஸ்.டி.யிலும் இச்சலுகை இல்லை. விற்ற சரக்குக்குக் கட்டிய வரி கட்டியதே.

இங்கே சொன்ன வருமான வரிப் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், புது எண்களை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமாதானப்படி நமக்கு வந்த 40 காசை, முழுதும் தள்ளுபடி எழுதிவிட்டிருந்ததால், வந்த வருடத்தில் வருமானமாகக் காட்டினோம்.