வாஷிங் மெஷின் திரும்பத் திரும்பப் பழுதானால்

பெங்களூரு

அன்பு மகனுக்கு,

மூன்று முறை பழுதுபார்த்த வாஷிங் மெஷின் நான்காம் முறையும் நின்றுபோனால், பாகங்கள் மாறின, பழுதின் காரணம் அப்படியே இருக்கிறது என்று பொருள். மெஷினை இயக்கும் மின்னணு போர்டு எரிந்திருந்தால் மெக்கானிக் போர்டை மாற்றுகிறார். அது ஏன் எரிந்தது என்று பார்ப்பதற்குள் அடுத்த வீட்டு அழைப்பு வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்தால், முன்பு நடந்த வேலையும் அவருக்குத் தெரியாது. சம்பளப் பணத்தில் வாங்கிய பொருள் இப்படிக் கிடந்தால் வரும் கோபம் நியாயமானதே. அந்தக் கோபத்துக்குப் பலன் கிடைக்க இரண்டு வேலைகள் உண்டு: காரணத்தைத் தேடுவது, நடந்ததை எழுதி வைப்பது.

பெங்களூரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிறகும், போர் தண்ணீரையும் டேங்கர் தண்ணீரையும் நம்பியிருக்கும் அடுக்குமாடிகள் இங்கே உண்டு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடு பட்டதும் மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டர்மேல் வெள்ளையாகப் படிகின்றன. வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்குவதால் ஹீட்டர் எரிந்துபோகிறது. புது ஹீட்டர் போட்டாலும் அதே தண்ணீரில் அதே கதிதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, இந்த உப்புகளால் வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. வீட்டுத் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும். தண்ணீர்க் குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் ஒரு சிறு சல்லடை இருக்கும். அதில் மணல் அடைத்திருந்தாலே மெஷின் தண்ணீர் வரவில்லை என்று காட்டி நின்றுவிடும்.

அடுத்தது மின்சாரம். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போதும், மீண்டும் வரும்போதும் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அடி வாங்குவது போர்டுதான். மெஷினைச் செருகும் பிளக்கின் எர்த்தையும் மின்னழுத்தத்தையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்ப்பது, இரண்டாவது போர்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. மெஷினின் நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்காவிட்டால் பிழியும்போது ஆட்டம் கூடும். உள்ளிருக்கும் தாங்கிகள் தேயும். டிரம்மிலிருந்து இரைச்சல் வந்தால் பேரிங் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் முதலில் போவது அதைக் காக்கும் ரப்பர் சீல். சீல் வழியே கசியும் தண்ணீர்தான் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் இரைச்சல் திரும்பிவிடும்.

எழுதி வைக்க ஒரு தாள் போதும்: புகார் கொடுத்த நாள், புகார் எண், மெக்கானிக் வந்த நாள், சொன்ன காரணம், மாற்றிய பாகம், கொடுத்த பணம். ஒவ்வொரு வருகையிலும் செய்த வேலையைக் குறித்த ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல், வேலை முடிந்ததாக ஓ.டி.பி. சொல்லக் கூடாது. வாரண்டி அட்டையையும் முழுக்கப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் பத்து வருட வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே. போர்டுக்கு அது பொருந்தாது.

வாரண்டிக் காலத்திலேயே அதே பழுது மூன்றாம் முறை வந்தால், போனில் சண்டை போடுவதை விட்டுவிட்டு, மெஷினை மாற்றித் தரும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ கம்பெனிக்கும் கடைக்கும் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் பெங்களூரு ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்கு வழிவகுத்த நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். குறை பொருளிலேயே இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் வாங்கியவர்தான். ஜாப் ஷீட்டுகளும் அந்தத் தாளும் உதவுவது அப்போதுதான்.

வாரண்டி முடிந்த பழைய மெஷினுக்குக் கணக்கு வேறு. இதுவரை ஆன பழுதுச் செலவையும் இப்போது கேட்கும் தொகையையும் கூட்டினால் புது மெஷினின் பாதி விலையைத் தாண்டுகிறது என்றால், நிறுத்திக்கொள்வதே சரி. பழைய மெஷினைப் பதிவுபெற்ற மின்கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். புதியது வருவதற்கு முன் தண்ணீரையும் பிளக்கையும் சரிசெய்துவிட வேண்டும்; பழையதைக் கெடுத்த காரணம் புதியதையும் கெடுக்கும்.

ஆசிகளுடன்,
பெரியப்பா