ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

கிடையில் ஒரு செம்மறி சோர்ந்து பின்தங்கினால், மேய்ப்பவர் முதலில் அதன் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் குடற்புழு மருந்து ஊற்றுவார். ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு பரவலாக இருப்பதால் அது பல நேரம் பலிக்கும். ஆனால் உண்ணி பரப்பும் பபீசியா, தைலீரியா, அனாப்பிளாஸ்மா ஆகிய ரத்தக் கிருமிகளும் இமையை அப்படியே வெளுக்கச் செய்யும். புழு மருந்து அவற்றைத் தொடாது. ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகளைப் போல ஊர் ஊராகக் கிடை நகர்த்துவோர், இடத்துக்கு இடம் புது உண்ணியை எதிர்கொள்கிறார்கள்.

ஆகவே மருந்தைத் தொடுமுன் தெர்மாமீட்டரை எடுக்க வேண்டும். வெயில் ஏறுமுன், ஆடு நிழலில் நிற்கும்போது ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது நல்லது. 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. இமை வெளுத்து, காய்ச்சலும் 104-ஐத் தாண்டினால் ரத்த ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். புழுவால் வரும் சோகையில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. தாடையடியில் நீர் கோத்து வீங்கலாம்.

அடுத்து தோள்பட்டைக்கு முன்னால் விரலால் தடவ வேண்டும். அங்குள்ள நெறி புடைத்திருந்தால் தைலீரியா நினைவுக்கு வர வேண்டும். சிறுநீர் சிவந்தால் பபீசியாவைச் சந்தேகிக்கலாம். காதுக்குள், வாலடியில், மடியோரம் உண்ணி தேடுவதும் அவசியம்.

இனி ரத்தப் பூச்சு. எந்த ஊசியும் போடுமுன் எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறியபின் கிருமி கண்ணில் படுவது அரிது. காது நுனியில் மயிர் மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஓரத்து நரம்பில் குத்தலாம். ஈரம் இருந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். முதல் சொட்டே சிறந்தது. பபீசியா நுண்குழாய் ரத்தத்தில்தான் அதிகம் தங்குகிறது. சிறு சொட்டை ஸ்லைடின் ஒரு முனையில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்து அதைத் தொடவைத்து, ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். பூச்சு நாக்கு வடிவில் மெலிந்து முடிந்தால் கை பழகிவிட்டது எனலாம். உடனே விசிறிக் காயவைத்து மூடிவைக்க வேண்டும், இல்லையேல் ஈக்கள் பூச்சைத் தின்றுவிடும். ஆட்டின் எண்ணைப் பென்சிலால் எழுதுவதே சரி. பேனா மை மெத்தனாலில் கரையும். சில நிமிடம் மெத்தனாலில் முக்கியெடுத்தால் பூச்சு நிலைக்கும். கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஊதா மூடிக் குழாயிலும் கொஞ்சம் எடுத்து, ஐஸ் பெட்டியில் உறையாமல் கொண்டுபோகலாம்.

கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பூச்சுக்கு ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் நூறு மடங்கு பொருள்வில்லையால் பார்ப்பார்கள். அணுவுக்குள் ஜோடிப் பேரிக்காய் வடிவம் பபீசியா. சிறு வளையமோ கோலோ தைலீரியா. அணுவின் விளிம்போரம் கரும்புள்ளி அனாப்பிளாஸ்மா. இது பாக்டீரியா என்றாலும் வாழ்வது ரத்த அணுவுக்குள். சாயத்துகளும் புள்ளிபோல் ஏமாற்றும் என்பதால் பழகிய கண் தேவை.

முடிவைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். தைலீரியா ஓவிஸ் போன்ற சாதுவான இனம் நல்ல ஆட்டிலும் ஒன்றிரண்டு தெரியலாம். அதுவே நோய் ஆகாது. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று பொருளல்ல. காய்ச்சல் இருக்கும்போதே மறுநாளும் பூச்சு எடுக்கலாம், அல்லது பி.சி.ஆர். சோதனை கேட்கலாம்.

இவ்வளவு பாடும் மருந்துக்காகத்தான். தைலீரியாவுக்கு புபார்வாகுவோன், பபீசியாவுக்கு டைமினசீன், அனாப்பிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்று மூன்றும் வெவ்வேறு. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டில் உறுதியானால், அதே கிடையில் காய்ச்சல் காணும் மற்ற ஆடுகளுக்கும், சந்தையில் புதிதாக வாங்கியவற்றுக்கும் அன்றே பூச்சு எடுப்பது நல்லது.