ஃப்ளாஷுக்குப் பட்டு வேட்டி தெரியாது

கேள்வி: தம்பி கல்யாணத்துக்காக வெளி ஃப்ளாஷ் ஒன்று வாங்கினேன். டி.டி.எல்., ஏ, எம் என்று மூன்று முறைகள் இருக்கின்றன. டி.டி.எல்.லில் வைத்து எடுத்தால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி அழுக்குச் சாம்பலாக விழுகிறது. இந்த டி.டி.எல். எப்போது, எங்கிருந்து வந்தது?
- கும்பகோணம் வாசகர்

பதில்: வேட்டியில் அழுக்கில்லை, ஃப்ளாஷிலும் கோளாறில்லை. உங்கள் கேமரா ஒரு பழைய நம்பிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பது நல்ல கதை.

லென்ஸ் வழியே உள்ளே வந்த ஒளியை அளந்து ஃப்ளாஷை நிறுத்தும் வித்தையைக் கொண்டுவந்தது ஜப்பானின் ஒலிம்பஸ் ஓ.எம்.-2. ஆண்டு 1975. வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. ஃப்ளாஷ் அடித்ததும் ஒளி ஆள் மேல் பட்டு, லென்ஸுக்குள் புகுந்து, ஃபிலிம் மேல் விழும். ஃபிலிமில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கேமராவின் வயிற்றுக்குள் இருந்த சிலிக்கன் செல்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். போதும் என்று தோன்றிய கணத்தில் ஃப்ளாஷை நிறுத்திவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

அந்தக் கேமராவில் என்னை மயக்கியது வேறொன்று. ஃப்ளாஷ் இல்லாமல் வேகமான ஷட்டரில் எடுக்கும்போது ஃபிலிம் முழுக்கத் திறந்திருக்காது. ஷட்டர் திரையில் பட்டுத் தெறிப்பதைத்தான் அளந்தாக வேண்டும். திரையோ கறுப்புத் துணி. ஆகவே அதன் மேல் சிறு சிறு வெள்ளைக் கட்டங்களை ஒழுங்கில்லாமல் வாரியிறைத்தாற்போல அச்சடித்தார்கள். எங்கே எத்தனை கட்டம் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தந்தது. சராசரியான ஒரு காட்சி எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருமோ, அவ்வளவைத் தரும் திரை! உலகத்தின் சராசரியை ஒரு முழத் துணியில் அச்சடித்து வைத்த துணிச்சல் அது. பழைய ஓ.எம்.-2 கையில் கிடைத்தால், லென்ஸைக் கழற்றி, கண்ணாடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். திரையை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

எதிரே இருப்பதையெல்லாம் கூட்டிக் கழித்தால் நடுச் சாம்பல்தான் வரும் என்ற அந்த நம்பிக்கை இன்றைய கேமராவிலும் இருக்கிறது. வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். கொடியில் வெள்ளைத் துண்டைப் போட்டு, ஃபிரேம் நிறைய டி.டி.எல்.லில் எடுங்கள். அதே இடத்தில் கறுப்புக் குடையை விரித்து எடுங்கள். துண்டு மங்கியிருக்கும், குடை வெளுத்திருக்கும். இரண்டும் சாம்பலை நோக்கி நகர்ந்திருக்கும். இப்போது ஃப்ளாஷ் காம்பென்சேஷனைத் துண்டுக்கு +1, குடைக்கு -1 என்று மாற்றி எடுங்கள். துண்டு துண்டாகவும் குடை குடையாகவும் திரும்பி வரும். இந்தப் பரீட்சை ஒன்றே ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

மற்ற இரண்டும்: 'ஏ'யில் ஃப்ளாஷின் நெற்றியில் இருக்கும் கண்தான் அளக்கும், லென்ஸ் எதைப் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் கொண்டாடிய விவிடார் 283 அந்த வகை. 'எம்'மில் யாரும் அளப்பதில்லை. நீங்கள் சொன்னதை ஃப்ளாஷ் அப்படியே செய்யும். மணவறையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நகரப்போவதில்லை; நீங்களும் ஒரே இடத்தில் நின்றால் 'எம்'மில் ஒரு முறை சரி பார்த்துவிட்டு நூறு படம் எடுக்கலாம், எல்லாம் ஒரே சீராக இருக்கும். மாப்பிள்ளை அழைப்பில் தூரம் நொடிக்கு நொடி மாறும். அங்கே டி.டி.எல்.

எந்த முறையானாலும் ஃப்ளாஷின் தலையை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். கூரையைப் பார்க்கத் திருப்புங்கள். இதை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது.

கேள்வி: டி.டி.எல்.லில் எடுத்தால் எங்கள் பெரியம்மா மட்டும் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறார். ஏன்?
- திண்டுக்கல் வாசகி

பதில்: உங்கள் ஃப்ளாஷ் ஒரு முறை அல்ல, இரண்டு முறை அடிக்கிறது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் மைதானியின் வழி அடைபட்டது. ஃபிலிம் ஒளியை மென்மையாகப் பரப்பித் திருப்பும். சென்சாரின் பளபளப்பை நம்பி அளக்க முடியாது. எனவே முன்கூட்டியே சின்னதாக ஒரு மின்னல் அடித்து, அது திரும்பி வருவதை அளந்து, பிறகு நிஜ ஃப்ளாஷை அடிக்கும் முறை நிலைத்தது. கேனான் இதை 1995-லேயே ஃபிலிம் கேமராவில் ஈ-டி.டி.எல். என்று கொண்டுவந்துவிட்டது, நிக்கானின் ஐ-டி.டி.எல். 2003-இல் வந்தது.

இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் சாதாரணமாக யாரும் இமைக்க நேரமிருக்காது. ஆனால் ஷட்டர் மூடப்போகும் கணத்தில் ஃப்ளாஷ் அடிக்கும் இரண்டாம் திரை சிங்க்கில் வைத்து ஷட்டரை 1/4 நொடிக்கு இறக்கினால் முதல் மின்னலுக்கும் நிஜ ஃப்ளாஷுக்கும் நடுவே கால் நொடி ஓடிவிடும். பெரியம்மா இமைக்க அது தாராளம். முதல் திரைக்கு மாற்றுங்கள். அப்போதும் இமைத்தால் ஃப்ளாஷ் லாக் பொத்தானை அழுத்துங்கள். முன் மின்னல் அப்போதே அடித்துவிடும். பெரியம்மா இமைத்துத் திறந்ததும் கிளிக் செய்யுங்கள்.

கேள்வி: பழைய சினிமாவில் போட்டோ எடுக்கும்போது குபீரென்று புகை கிளம்புகிறதே, அதில் என்ன மீட்டர்?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: மீட்டர் கரண்டிதான்! எவ்வளவு பொடி போடுகிறோமோ அவ்வளவு வெளிச்சம். மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் கலந்த அந்தப் பொடியை 1887-இல் ஜெர்மனியில் கொண்டுவந்தவர்கள் அடால்ஃப் மீதேயும் யொஹானஸ் கேடிக்கேயும். நியூயார்க் குடிசைப் பகுதிகளின் இருட்டை அதை வைத்துத்தான் ஜேக்கப் ரீஸ் உலகுக்குக் காட்டினார். அந்தப் பொடியால் இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தன் மேலேயும் தீப்பிடிக்க வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படங்கள் நிறைந்த நூல் 1890-இல் வெளிவந்து, நகரத்தையே உலுக்கியது. டி.டி.எல். சரியில்லை என்று நாம் குறைபடும்போது ரீஸை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஃப்ளாஷ் போட்டால் பின்னணி கன்னங்கரேலென்று விழுகிறது. என்ன செய்ய?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: ஷட்டரை 1/200-இலிருந்து 1/50-க்கு இறக்குங்கள். பின்னணி ஷட்டரின் ஆட்சி, முகம் ஃப்ளாஷின் ஆட்சி.

கேள்வி: பெட்டியில் கைடு நம்பர் 60 என்று போட்டிருக்கும் ஃப்ளாஷை வாங்கலாமா?
- கும்பகோணம் வாசகர் (மறுபடியும்)

பதில்: அந்த 60 பெரும்பாலும் ஃப்ளாஷின் தலையை 200 மி.மீ. ஜூமுக்கு இழுத்து அளந்தது. 35 மி.மீ.க்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். அங்கே 36 என்று இருந்தால், ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப்/4 வைத்து 9 மீட்டர் வரை எட்டும். எஃப்/8 என்றால் நாலரை மீட்டர்தான். கூரையில் அடித்துத் திருப்பினால் அதிலும் நிறையக் குறையும், ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றி ஈடுகட்டலாம். எண்ணைவிட முக்கியம், தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்பது. திரும்பாத ஃப்ளாஷை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி, கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீலக் கூரையில் பட்டுத் திரும்பிய ஒளி மணப்பெண் முகத்திலும் நீலமாகத்தான் இறங்குகிறது. தயவுசெய்து மேடைக்கு மேலேயாவது வெள்ளை அடியுங்கள்.