ஒரே குல்லா, எத்தனை மாற்றம்?

கைக்குப் பழகிய குல்லா ஒன்று பின்னல் தெரிந்த எல்லோரிடமும் இருக்கும். என்னுடையது இது: நடுத்தரத் தடிமனில் கம்பளி நூல், 4.5 மி.மீ. வட்ட ஊசி, 96 கண்ணி. கீழே இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப். அதற்கு மேல் முழுக்க நிட். உச்சியில் எட்டு இடங்களில் கண்ணி குறைத்து மூடல். 10 செ.மீ.க்கு 19 கண்ணி விழுந்தால் சுற்றளவு ஏறத்தாழ 50 செ.மீ. வரும். 56 செ.மீ. தலையில் அது இழுத்துப் பிடித்து நிற்கும்.

குளிர் தொடங்கி அதையே மறுபடி பின்னும்போது எதையாவது மாற்ற ஆசை வரும். மாற்றுங்கள், ஆனால் 96-ஐக் கூடியவரை விடாதீர்கள். 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எத்தனையோ எண்களால் மீதியில்லாமல் வகுபடுவதால் பெரும்பாலான பூவேலைகள் அதற்குள் அடங்கிவிடும். ஒரு குல்லாவில் ஒரே ஒரு மாற்றம் செய்தால், எது தலைக்கு ஒத்துவந்தது என்பதும் தெளிவாகத் தெரியும்.

முதலில் விளிம்பு. உழைப்புக்குப் பலன் மிக அதிகம் கிடைப்பது இங்கேதான். ரிப்பை 5 செ.மீ.யில் நிறுத்தாமல் 12 செ.மீ. வரை பின்னி மேலே மடித்துவிட்டால் காதின் மேல் இரட்டைச் சுவர். டொரன்டோவில் பனிக்காற்றில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சாதாரணக் குல்லாவுக்கு 100 கிராம் உருண்டை ஒன்று பொதுவாகப் போதும். மடிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் உறைபனி படிந்து பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும் ஊட்டிக்கு ஒற்றை விளிம்பே போதும்.

அடுத்தது பலரும் தடுமாறும் இடம்: நிறப் பின்னலா, கேபிளா?

ஷெட்லாந்து தீவுகளின் ஃபேர் ஐல் பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்களுக்கு மேல் வராது. பயன்படாத நூல் உள்பக்கமாக ஓடுவதால் துணி இரட்டைத் தடிமனாகிறது. காற்றையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் இழுவை குறையும். அதனால் பூவேலை வரும் பகுதிக்கு ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். உள்ளே ஐந்து கண்ணிக்கு மேல் நூல் தொங்கினால் நடுவில் ஒருமுறை சுற்றிப் பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஜிமிக்கியில் மாட்டும். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு வழி: இரண்டு உருண்டைகளையும் சேர்த்து வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பூ எடுபடாது. ஷெட்லாந்து கம்பளி வாரத்துக்கென்றே ஆண்டுதோறும் ஒரு குல்லா வடிவம் வெளியாகிறது. 2015-க்காக டோனா ஸ்மித் வடிவமைத்த குல்லாவில் ஆடுகள் தலையைச் சுற்றி வரிசையாக நிற்கும். நிறப் பின்னலை முதன்முதலாகப் பழக ஸ்வெட்டரைவிடக் குல்லாதான் ஏற்றது: சின்னது, வட்டமாகவே போவது, பர்ல் வரிசை இல்லாதது.

கேபிளின் குணம் வேறு. கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது துணி அகலத்தில் சுருங்கிவிடும். 96-ஐ விட வேண்டிய இடம் இது. ரிப் முடிந்ததும் ஆறு கண்ணிக்கு ஒன்று வீதம் கூட்டினால் 112 ஆகும். எட்டுப் பாகம், பாகத்துக்கு 14. நூல் வெளிர் நிறமாக, ஒரே நிறமாக இருக்கட்டும். கருநீலத்திலோ பலநிற நூலிலோ அத்தனை முறுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெதுவெதுப்புதான் வேண்டுமென்றால் நிறப் பின்னல். கையில் ஒரே உருண்டைதான் இருக்கிறது, ஆனால் அழகும் வேண்டுமென்றால் கேபிள்.

சின்னக் குழந்தைகளுக்குக் காதுமடல் வைத்த குல்லாவே நல்லது, இழுத்துப் போட்டாலும் கயிறு பிடித்து நிறுத்தும். மிகச் சிறியவர்களுக்குக் கயிற்றைத் தாடைக்குக் கீழே கட்டாமல் பட்டன் வையுங்கள். ஆண்டீஸ் மலைகளின் சூயோ குல்லா இந்த வகை. பெருவின் டாக்கிலே தீவில் குல்லா பின்னுவது ஆண்களின் வேலை; மணமானவரையும் மணமாகாதவரையும் குல்லாவைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. நம் 96-ஐ நெற்றிக்கு 36, பிடரிக்கு 24, காதுக்கு 18 வீதம் என்று பிரியுங்கள். விளிம்பிலிருந்து கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிக் குறைத்துக்கொண்டே போகலாம். மடலில் எல்லா வரிசையும் நிட்டாகவே இருக்கட்டும், அப்போதுதான் ஓரம் சுருளாது.

நூல் விஷயத்தில் நம் தலைகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. தேங்காயெண்ணெய் தேய்க்கும் தலையில் குல்லா சீக்கிரம் பிசுக்கேறும், அடிக்கடி துவைக்க வேண்டிவரும். அதற்குச் சூப்பர்வாஷ் மெரினோதான் சரி. மெஷினிலும் போடலாம், ஆனால் துவைத்ததும் கொஞ்சம் தளரும் என்பதால் மாதிரித் துண்டைத் துவைத்த பிறகே அளவெடுங்கள். அக்ரிலிக் மலிவு, துவைக்கவும் எளிது. ஆனால் கம்பளி ஈரத்தை உறிஞ்சிய பிறகும் வெதுவெதுப்பாக இருப்பதுபோல் அது இருக்காது. அல்பாகா நல்ல சூடு, ஆனால் இழுத்தால் திரும்பி வராது. ரிப்பை மெரினோவில் பின்னிவிட்டு மேற்பகுதிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். கொண்டை போடுபவர்கள் உச்சியைக் குறைப்பதற்கு முன் இன்னும் 4 செ.மீ. உயரமாகப் பின்னட்டும், இல்லாவிட்டால் குல்லா மேலே ஏறிக்கொண்டே போகும்.

கடைசி மாற்றம் ஊசியில் நடப்பதல்ல, வெந்நீரில் நடப்பது. வேல்ஸின் மான்மத் ஊர்ப் பெயர் கொண்ட பழைய குல்லாக்களைத் தடித்த கம்பளியில் வட்டமாகப் பின்னி, அடித்துத் துவைத்து இறுக்குவார்கள். மாலுமிகளும் படைவீரர்களும் போட்ட குல்லா அது. இங்கிலாந்தில் 1571-இல் ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர் ஞாயிறுதோறும் கம்பளிக் குல்லா அணிய வேண்டும் என்று சட்டமே போட்டு, 1597-இல் நீக்கினார்கள். இப்படி இறுக்க நினைத்தால் குல்லாவை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பின்னுங்கள், உயரத்தை இன்னும் தாராளமாக. அகலத்தைவிட உயரம்தான் கூடுதலாகச் சுருங்கும். சூப்பர்வாஷும் அக்ரிலிக்கும் இதற்கு உதவாது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கசக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தலையில் வைத்துப் பாருங்கள், ஒருமுறை சுருங்கியது திரும்ப விரியாது.