மேடும் பள்ளமும்

திருவனந்தபுரம் கரமனையில் குடியிருந்த நாட்களில், திருநெல்வேலி வானொலியை நன்றாகக் கேட்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்தேன். அதன் பவர் சப்ளைக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, 16 வோல்ட் 1000 மைக்ரோஃபேரட் கபாசிட்டர், 7812 ரெகுலேட்டர் எல்லாம் சாலைக் கடைத்தெருவில் வாங்கினேன்.

முதல் நாளே பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். சில வாரங்களில் கபாசிட்டரின் தலை உப்பிவிட்டது. லோடைக் கழற்றிவிட்டு அளந்தால் 18 வோல்ட்! டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருந்த 12-ஐ மட்டும் நம்பியதுதான் இரண்டுக்கும் காரணம்.

அன்றிலிருந்து மூன்று கணக்குப் போட்ட பிறகே கடைக்குப் போகிறேன்.

மேடு: 12 என்பது ஏ.சி.யின் ஆர்.எம்.எஸ். அளவு. அலையின் உச்சம் அதைப்போல 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். நான்கு டயோடும் சேர்ந்த பிரிட்ஜில் கரண்ட் எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடக்கிறது. அதற்கு 1.4 போனால் மீதி 15.6.

பள்ளம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜுக்குப் பிறகு கபாசிட்டர் நொடிக்கு 100 முறை நிறைந்து வடியும். கரண்ட்டை, நூறால் பெருக்கிய கபாசிட்டர் மதிப்பால் வகுத்தால் வடியும் அளவு கிடைக்கும். அரை ஆம்பியர் எடுத்தால் 1000 மைக்ரோஃபேரடில் சுமார் 5 வோல்ட் வடிந்து, 15.6 பத்தரைக்கு இறங்கும். 7812-க்கோ குறைந்தது 14.5 வேண்டும். நான் கேட்ட உறுமல் இந்தப் பள்ளம்தான். 4700 போட்டால் வடிவது சுமார் 1 வோல்ட்.

லைன்: வீட்டுக்கு வரும் 230 வோல்ட் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். குறையும் நேரத்தில், 4700 போட்டிருந்தாலும் பள்ளம் பதின்மூன்றரைக்குப் போய் உறுமல் திரும்பிவிடும். அதனால் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறினேன். லைன் கூடும் நேரத்தில் லோடும் இல்லையென்றால், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 15 சதவீதம் வரை அதிகமாகத் தரும். அப்போது உச்சம் 25 வோல்ட்டைத் தொடும். ஆகவே கபாசிட்டர் 35 வோல்ட். அரை ஆம்பியர் எடுக்கும்போது ரெகுலேட்டரில் மூன்றரை வாட் வெப்பம் இறங்குவதால் ஹீட்சிங்க்கும் கட்டாயம்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிரான்ஸ்ஃபார்மரைப் பள்ளம் பார்த்து வாங்குங்கள், கபாசிட்டரை மேடு பார்த்து வாங்குங்கள். பிறகு லோடோடு ஒரு முறையும் லோடில்லாமல் ஒரு முறையும் அளந்து பாருங்கள்.